காசில் நம்மைத் திரும்பிப் பார்த்த முகங்கள்

ரோமானியக் காசு என்றதும் தமிழர்களாகிய நமக்கு உடனே நினைவுக்கு வருவது யவனர் கப்பல்களும், மிளகு மூட்டைகளும், புதுக்கோட்டைப் பக்கம் 1898-இல் கிடைத்த பொற்காசுக் குவியலும்தான். அவையெல்லாம் பெரும்பாலும் கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியவை. அந்தக் கதையைப் பள்ளிப் பாடத்திலேயே படித்துவிட்டோம். நான் இங்கே எழுத முற்படுவது அதற்குச் சுமார் முந்நூறு ஆண்டுகள் பிந்திய காசுகளைப் பற்றி. இவற்றில் பல பார்வைக்கு எடுப்பில்லாதவை. செம்பில் அடித்தவை. சில, நம் பழைய ஒரு பைசாவை விடச் சிறியவை. ஆனால் அவற்றின் தலைப்பக்கத்தில் உள்ள முகங்கள் பேசத் தெரிந்தவை.

ரயில்வேயில் முப்பத்து நான்கு ஆண்டுகள் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்ற ஒரு டிப்ளமா எஞ்சினீயருக்கு ரோமாபுரிச் சக்கரவர்த்திகளோடு என்ன உறவு என்று நம் சங்க அன்பர்கள் சிலர் கேட்பதுண்டு. உறவு இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் எங்களுக்கு வேதம் என்பது ஸ்டாண்டர்டு டிராயிங். ஒரு சாதாரண போல்ட்டின் தலை அந்த வரைபடத்திலிருந்து மாறியிருந்தாலும், "யார் மாற்றினார்கள்? எதற்காக மாற்றினார்கள்?" என்பதுதான் முதல் கேள்வி. தேடிப் போனால் அதன் பின்னால் ஒரு விபத்தோ, சாமான் தட்டுப்பாடோ, யாரோ ஒரு மேலதிகாரியின் பிடிவாதமோ இருக்கும். காரணமில்லாமல் எதுவும் மாறுவதில்லை. பிற்கால ரோமானியக் காசுகளும் அப்படித்தான். அவற்றிலும் ஒரு ஸ்டாண்டர்டு முகம் உண்டு. எங்கே அந்த முகம் மாறுகிறதோ, அங்கே ஒரு மனிதனின் ஆசையோ பயமோ ஒளிந்திருக்கும்.

நால்வருக்கும் ஒரே முகம்

கி.பி. 284-இல் டையோக்ளீஷியன் பட்டத்துக்கு வந்தான். இவ்வளவு பெரிய சாம்ராஜ்யத்தை ஒருவனால் கட்டி ஆள முடியாது என்று கண்டு, 293 வாக்கில் ஆட்சியை நால்வருக்குப் பங்கிட்டான். இரண்டு மூத்த சக்கரவர்த்திகள், இரண்டு இளையவர்கள். அடுத்த ஆண்டை ஒட்டி நாணயத்தையும் சீர்திருத்தினான். லண்டனிலிருந்து எகிப்தின் அலெக்சாண்டிரியா வரை பன்னிரண்டுக்கும் மேற்பட்ட நாணயச் சாலைகளில், லேசாக வெள்ளிப் பூச்சுக் கொடுத்த பெரிய செப்புக்காசுகள் ஒரே மாதிரி அடிக்கப்பட்டன. எந்த ஊர், எந்தப் பட்டறை என்ற முத்திரை எழுத்துகள் காசின் அடியில் இருக்கும். தண்டவாளத்தின் பக்கவாட்டில் உருக்காலையின் பெயரும் வருஷமும் பொறித்திருக்குமே, அதே ஏற்பாடு.

முகத்தைப் பாருங்கள். சதுரமான தலை, ஒட்ட வெட்டிய தாடி, தடித்த கழுத்து, வலப்பக்கம் நோக்கிய பக்கவாட்டுத் தோற்றம். நால்வரும் அப்படியே. சுற்றியுள்ள பெயரைப் படித்தால்தான் யார் எவர் என்று தெரியும். இது பதவியின் படம். ஆள் மாறினாலும் ஆட்சி மாறாது என்று ஜனங்களுக்குச் சொல்லும் படம். பத்திரிகையும் புகைப்படமும் இல்லாத காலத்தில், தங்களை ஆள்பவனின் முகத்தைச் சாமானிய ஜனங்கள் கையில் வைத்துப் பார்க்க முடிந்தது காசில்தான்.

அந்தக் காசு எப்படி உருவானது? இரண்டு உலோக அச்சுகள். கீழச்சைப் பட்டடையில் பதித்துவிடுவார்கள். பெரும்பாலும் தலைப்பக்கம் அதில்தான். அதன்மேல் சூடாக்கிய உலோக வில்லையை வைத்து, மேலச்சைப் பொருத்தி, சம்மட்டியால் ஓங்கி ஒரு போடு. அவ்வளவுதான். அச்சு ஒவ்வொன்றையும் கையால், இடம் வலமாக மாற்றி, குழிவாகச் செதுக்க வேண்டும். ஆகவே முகத்தைச் சற்றே மாற்றுவது என்றாலும் யாரோ ஒருவர் உத்தரவிட வேண்டும். யாரோ ஒருவர் உட்கார்ந்து புதிதாகச் செதுக்க வேண்டும்.

மூன்று அண்ணன் தம்பிகள்

முதலில் கராசியஸ் கதை. இன்றைய பெல்ஜியம் பக்கத்துக் கடலோரத்தில் எளிய குடும்பத்தில் பிறந்தவன். கடற்கொள்ளையரை அடக்கும் கப்பற்படைக்குத் தலைவனானான். பிடிபட்ட கொள்ளைப் பொருளை அவனே வைத்துக்கொள்கிறான் என்று புகார் எழுந்து, அவன் தலைக்கு ஆணை பிறந்தது. 286-ஐ ஒட்டி அவன் பிரிட்டனைக் கைப்பற்றித் தன்னையே சக்கரவர்த்தி என்று அறிவித்துக் கொண்டான்.

அவன் வெளியிட்ட ஓர் அரிய காசில் ஒரு தலைக்குப் பதில் மூன்று தலைகள். ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே திசை நோக்கி. முன்னால் கராசியஸ், அவனை ஒட்டி, டையோக்ளீஷியனும் அவனுடைய கூட்டாளி மாக்சிமியனும். சுற்றிலும் எழுதியிருப்பது, "கராசியஸும் அவன் சகோதரர்களும்." பூப்பக்கம் சமாதானத் தேவதை. அங்கே "சக்கரவர்த்திகளின் சமாதானம்" என்பதைச் சுருக்கி எழுதும்போது, மூவரைக் குறிக்க ஒரே எழுத்தை மூன்று முறை போட்டிருக்கிறார்கள்.

அவனால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அந்த இரண்டு "சகோதரர்களும்" தங்கள் காசு எதிலும் அவன் முகத்தைப் போடவில்லை. அவர்கள் கணக்கில் அவன் கலகக்காரன். 293-இல் அவனுடைய நிதியமைச்சன் அல்லெக்டஸே அவனைக் கொன்றான். 296-இல் ரோமானியப் படை வந்து பிரிட்டனை மீட்டுக்கொண்டது. அழைக்காத கல்யாணத்துக்குப் போய்க் குடும்பப் படத்தில் நடுவில் நின்றுகொண்ட மாதிரிதான் அந்த மூன்று முகக் காசு. ஆனால் பதினேழு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் அந்த ஏக்கம் உலோகத்தில் அப்படியே இருக்கிறது.

நேரே பார்க்கும் முகம்

காசில் முகத்தைப் பக்கவாட்டில் காட்டுவதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. நேரே பார்க்கும் முகத்தைச் செதுக்கினால் மூக்குதான் மேடான இடம். கைமாறும்போது முதலில் தேய்வதும் மூக்குதான். பின்னாளில் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி வெள்ளிக் காசில் செம்பைக் கலந்து தன் முகத்தை நேராகப் போட்டான். மேல் பூச்சுத் தேய்ந்து, மூக்கில் செம்பு பல்லை இளித்தது. ஜனங்கள் அவனுக்குக் "கிழட்டுச் செப்பு மூக்கன்" என்று பெயர் வைத்தார்கள்!

இந்தச் சங்கடத்தையும் மீறிச் சிலர் நேர்முகத்தைப் போட்டிருக்கிறார்கள். 315-இல் மகா கான்ஸ்டன்டைன் வெளியிட்ட ஒரு வெள்ளிப் பதக்கம் புகழ் பெற்றது. டிசினம் என்ற ஊரில், அதாவது இன்றைய இத்தாலியின் பவியாவில், அடித்ததாகக் கருதப்படுகிறது. விரல் விட்டு எண்ணக்கூடிய பிரதிகளே உலகில் உள்ளன. ஒன்று ஜெர்மனியின் மியூனிக் நகரில் இருக்கிறது. முக்கால் பங்கு நம் பக்கம் திரும்பிய முகம். கையில் குதிரையின் கடிவாளம். தலைக்கவசத்தின் நெற்றியில் சின்னஞ்சிறு சின்னம் ஒன்று. கிறிஸ்துவின் பெயருடைய முதல் இரண்டு கிரேக்க எழுத்துகளைப் பின்னியது. சக்கரவர்த்தியின் உருவத்தோடு அந்தச் சின்னம் தெளிவாகத் தெரியும் மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று. பூதக்கண்ணாடி இல்லாமல் பார்த்தால் வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடுவோம்.

அடுத்தது என் மனதை மிகவும் தொட்ட காசு. கிழக்குப் பகுதியை ஆண்ட லிசினியஸ், 321-322 வாக்கில் நிகோமீடியா நகரில் பொற்காசுகள் வெளியிட்டான். தன் மகன் இளையவன் என்ற பட்டம் பெற்று ஐந்தாண்டு நிறைந்ததைக் கொண்டாட அடித்தவை. ஒன்றில் தகப்பன், மற்றொன்றில் மகன். இருவரும் நம்மை நேருக்கு நேர் பார்க்கிறார்கள். மகனுக்கு அப்போது ஆறேழு வயதுதான். பூப்பக்கத்தில் ஜூபிடர் தேவன், அவனும் நேரே பார்த்தபடி அமர்ந்திருக்கிறான். எங்கள் பின்னால் யார் இருக்கிறார் தெரிகிறதா என்று கேட்கும் காசு அது. கேள்வி யாருக்கு? மேற்கே கிறிஸ்தவர்களுக்கு ஆதரவாக இருந்த கான்ஸ்டன்டைனுக்குத்தான் என்று தோன்றுகிறது.

உறவைக் கேளுங்கள். லிசினியஸின் மனைவி கான்ஸ்டன்டைனின் தங்கை, தகப்பனுக்கு இன்னொரு தாரத்தில் பிறந்தவள். ஆக, அந்தப் பையனுக்குக் கான்ஸ்டன்டைன் தாய்மாமன். 324-இல் போர் மூண்டு லிசினியஸ் தோற்றான். தங்கை வந்து கெஞ்சியதால் அவனுக்கு உயிர்ப்பிச்சை கிடைத்தது. ஆனால் மறு வருஷமே அவன் கொல்லப்பட்டான். 326-இல் அந்தச் சிறுவனும் கொல்லப்பட்டான். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தும் வழக்கமுள்ள நமக்கு இதைப் படிக்கும்போது அடிவயிறு கலங்குகிறது. அந்தப் பொற்காசின் படத்தில் இன்றைக்கும் அந்தக் குழந்தை கண்ணை அகல விரித்து நம்மைத்தான் பார்க்கிறது.

மேலே நோக்கிய கண்கள்

போட்டியாளன் ஒழிந்தபின் கான்ஸ்டன்டைனின் முகம் மாறியது. இலைமாலை போய், தலையில் மணிகள் பதித்த பட்டை வந்தது. சில காசுகளில் தலை சற்றே நிமிர்ந்து, கண்கள் வானத்தை நோக்குகின்றன. அவனுடைய வரலாற்றை எழுதிய யூசிபியஸ் என்ற பிஷப், சக்கரவர்த்தி இறைவனைப் பிரார்த்திக்கும் நிலையில் காட்டப்பட்டிருக்கிறான் என்று விளக்கம் சொல்கிறார். வேறு சிலருக்கு அது மாவீரன் அலெக்சாண்டரின் சிலைகளை நினைவூட்டியிருக்கும். கிறிஸ்தவர் பக்தி என்று எடுத்துக்கொள்ளலாம். மற்றவர் வீரம் என்று எடுத்துக்கொள்ளலாம். இதில் இன்னொரு விசேஷம் உண்டு. இவ்வகைக் காசுகள் சிலவற்றின் தலைப்பக்கத்தில் பெயரே கிடையாது. பெயர் பூப்பக்கத்துக்குப் போய்விட்டது. என் முகம் தெரியாதவன் எவன் என்ற தைரியம்!

அவன் 337-இல் இறந்தபின் மகன்கள் வெளியிட்ட சிறு செப்புக்காசுகளில் அவன் தலைமேல் முக்காடு இருக்கும். முக்காடிட்ட தலை என்றால் காலமானவர் என்று பொருள். பூப்பக்கத்தில் நான்கு குதிரை பூட்டிய ரதத்தில் அவன் மேலே போகிறான். வானத்திலிருந்து ஒரு கை நீண்டு வரவேற்கிறது. ரதம் பழைய மதத்துக்குரியது. கை புதிய மதத்துக்குரியது. இந்தக் காசு விலையில் அப்படியொன்றும் அரியதல்ல. என்னிடமே, ரசீதோடு வாங்கியது, ஒன்று இருக்கிறது. காசு அரிதாக இருப்பது வேறு, அதிலுள்ள முகம் அரிதாக இருப்பது வேறு. புதிதாகச் சேகரிக்க வரும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்டால் வீண் செலவு மிச்சம்.

ஒரு தாடியின் கதை

கான்ஸ்டன்டைன் குடும்பம் மழுங்கச் சவரம் செய்த குடும்பம். அந்தக் குடும்பத்தில் வந்தவன்தான் ஜூலியன். 337-இல் உறவினர்கள் பலர் வெட்டுண்டபோது தப்பிய சிறுவன். வளர்ந்தபின் கிரேக்கத் தத்துவத்தில் மூழ்கினான். பழைய தெய்வங்களிடம் திரும்பினான். இளைய ஆட்சியாளனாக இருந்தவரை காசில் அவனுக்கும் மழித்த முகம்தான். 361-இல் தனியாட்சிக்கு வந்தபின் தாடி முளைத்தது. முதலில் லேசாக, பிறகு கூராக, தத்துவ ஞானிகளின் தாடி.

362-இல் அவன் அந்தியோக்கியா நகருக்கு வந்து தங்கினான். இன்று துருக்கியில் உள்ள அந்தாக்கியா. ஊரில் தானியத் தட்டுப்பாடு. ஜனங்களுக்கு அவன் போக்குப் பிடிக்கவில்லை. தாடியைத் திரித்துக் கயிறு பண்ணலாம் என்று கேலி செய்தார்கள். வேறு அரசனாக இருந்தால் தலைகள் உருண்டிருக்கும். ஜூலியன் "தாடி வெறுப்பவன்" என்ற தலைப்பில் தன்னையே கிண்டல் செய்வதுபோல ஊராரைச் சாடி ஓர் அங்கத நூல் எழுதி ஊரில் வெளியிட்டான். தாடியை மட்டும் எடுக்கவில்லை, காசிலும் சரி, முகத்திலும் சரி. 363 ஜூனில் பாரசீகப் போரில் ஈட்டி பட்டு இறந்தான். நெற்றியில் விபூதியும் இடுப்பில் வேட்டியுமாக வேற்றூர்த் தெருக்களில் நடந்து, "மதராஸி" என்று பின்னால் குரல் கேட்டும் திரும்பாமல் போன தலைமுறையைச் சேர்ந்த எனக்கு, ஜூலியனின் மதக்கொள்கை எப்படியிருந்தாலும் அந்தப் பிடிவாதம் புரிகிறது.

பின்னால் வந்த வாலன்டீனியன், வாலன்ஸ் காசுகளில் மீண்டும் மழித்த முகமே. ஆனால் 365-இல் கான்ஸ்டான்டினோபிளில் கலகம் செய்து முடிசூடிய புரோகோபியஸ், தாடியோடுதான் காசில் தோன்றுகிறான். அவன் ஜூலியனுக்குத் தாய்வழி உறவு. "நான் அந்தக் குடும்பத்து ஆள்" என்று நிரூபிக்க அவனுக்கு அந்தத் தாடி பத்திரம் போல உதவியது. எட்டு மாதத்தில், 366 மே மாதம், பிடிபட்டுத் தலை போயிற்று. 392 முதல் 394 வரை மேற்கே ஆண்ட, முன்பு இலக்கண ஆசிரியனாக இருந்த யூஜீனியஸ் காசிலும் தாடி உண்டு. அவனும் தோற்றான்.

விலக்கே விதியானது

கான்ஸ்டன்டைனின் மகன் இரண்டாம் கான்ஸ்டன்ஷியஸ், தலைக்கவசம் அணிந்து, தோளில் ஈட்டி சாய்த்து, கேடயத்தோடு நேரே பார்ப்பதுபோலப் பொற்காசு வெளியிட்டிருந்தான். அப்போது அது புதுமை. 395-இல் கிழக்குக்கு ஆர்காடியஸ் அதிபதியானபோது அந்த உருவத்தையே எடுத்துக்கொண்டான். பிறகு சுமார் 140 ஆண்டுகள், ஜஸ்டினியன் மாற்றும் வரை, கிழக்கு ரோமானியப் பொற்காசின் ஸ்டாண்டர்டு டிராயிங் அதுதான்! இதனால் முகத்தின் தனித்தன்மை போயே போய்விட்டது. எல்லாரும் ஒரே பொம்மை முகம்.

இந்தப் பொற்காசு, சுமார் நாலரை கிராம் எடையுள்ளது, நம் நாட்டுக்கும் வந்திருக்கிறது. கர்நாடகத்தில் அக்கி ஆலூரில் கிடைத்த புதையலில் ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுக் காசுகள் இருந்தன. தென்னிந்தியாவில் கிடைத்த இத்தகைய காசுகள் பலவற்றில் அரசன் தலைக்கு மேலே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள் போட்டிருக்கின்றன. ஏன் இரண்டு? ஒரே ஓட்டை என்றால் நூலில் காசு சுழன்று முகம் சாய்ந்துவிடும். இரண்டு இருந்தால் முகம் நேராக நிற்கும். எந்தத் தட்டான் யோசித்தானோ, சரியான எஞ்சினீயரிங்! கான்ஸ்டான்டினோபிள் சக்கரவர்த்தி, இங்கே யாரோ ஒரு பெண்மணியின் கழுத்தில் காசுமாலையாகத் தொங்கியிருக்கிறான்.

தங்கத்தை விட நமக்கு நெருக்கமானவை செப்புக்காசுகள். கரூரில் அமராவதி ஆற்று மணலிலும், மதுரையிலும், இலங்கையிலும் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டு ரோமானியச் சிறு செப்புக்காசுகள் நிறையக் கிடைத்துள்ளன. இலங்கையில் அவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே போலவும் அடித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுக் காசுகளைப் பற்றி, தினமலர் ஆசிரியராக இருந்து 2021-இல் காலமான டாக்டர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1994-இலேயே ஆங்கிலத்தில் தனி நூல் வெளியிட்டார். இந்தக் காசுகளில் எழுத்து பெரும்பாலும் தேய்ந்திருக்கும். முகத்தின் சாயல், தலைப்பட்டையின் முத்து, பூப்பக்கத்து உருவம் இவற்றை வைத்துத்தான் காலத்தைச் சொல்ல வேண்டும்.

இங்கேதான் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரில் பழைய வீட்டை விற்கும்போதும் பரணைக் காலி செய்யும்போதும் பச்சைப் பிடித்த செப்புக்காசு ஒன்றிரண்டு அகப்படும். உடனே நம் பெண்கள் செய்வது புளி போட்டுத் தேய்ப்பது. பித்தளைக் குடத்துக்கு அது சரி. பழங்காசுக்கு அது மரண தண்டனை. முகத்தின் நுட்பம் நிலைத்திருப்பது அந்தக் களிம்புப் படலத்தில்தான். புளியில் உள்ள அமிலம் களிம்போடு மூக்கையும் கண்ணையும் கொண்டுபோய்விடும். வெறும் செப்பு வில்லை பளபளவென்று மிஞ்சும்; அதற்கு வரலாறு கிடையாது. கெட்டியான பச்சையோ பழுப்போ இருந்தால் தொடாதீர்கள். வெளிர்பச்சைத் தூளாக உதிர்ந்தால் மட்டும் அது உலோக நோய். ஈரம் படாமல் உலர்வாக வைத்து, விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. மூன்று முகக் காசு, நேர்முகக் காசு என்று யாராவது சந்தையில் நீட்டினால் விளிம்பைப் பாருங்கள். சம்மட்டி அடி வாங்கிய காசின் விளிம்பு இயல்பாகப் பிளந்திருக்கும். வார்த்த போலியில் நடுவே கோடோ, அதை அரத்தால் ராவிய தடமோ, மேற்பரப்பில் ஊசித் துளைகளோ தென்படும். மண்ணில் புதையல் கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு கடந்த காசை வெளிநாட்டுக்குத் தனியார் கொண்டுபோகக் கூடாது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் இதை மறக்க வேண்டாம்.

விடுமுறைக்குச் சென்னை போகிறவர்கள், எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளை அழைத்துப் போங்கள். நாணயப் பகுதியில் எது தங்கம், எவ்வளவு பெறும் என்று கேட்பார்கள், கேட்கட்டும். கூடவே, "இந்த முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது, ஏன்?" என்றும் கேட்கப் பழக்குங்கள். ரெண்டாவது கேள்விக்குப் பதில் தேட ஆரம்பித்த பிள்ளை சரித்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.